டாட்டன்ஹாம்: ஞாயிறும் செவ்வாயும்

தெருவும் காவலும் – 17

1981 பிரிக்ஸ்டன் கலவரத்தோடும் அதை விசாரித்த ஸ்கார்மன் பிரபுவின் அறிக்கையோடும் பிரச்சினை தீர்ந்தது என்று லண்டன் நான்கு வருடம் நம்பிக்கொண்டிருந்தது. 1985 செப்டம்பரில் அந்த நம்பிக்கை போயிற்று. 9-ஆம் தேதி பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் தீ. லொசெல்ஸ் சாலைத் தபால் நிலையத்துக்குள் சிக்கிக்கொண்ட ஆசியச் சகோதரர்கள் இருவர் மாண்டார்கள். 28-ஆம் தேதி காலை பிரிக்ஸ்டனில் ஒரு வீட்டுக்குள் துப்பாக்கியோடு நுழைந்த போலீஸ், தேடி வந்த இளைஞன் அங்கே இல்லாதபோது அவனுடைய தாய் செர்ரி குரோஸைச் சுட்டது. குண்டு முதுகெலும்பைத் தாக்கியது. மீதி ஆயுள் முழுவதும் அவருக்குச் சக்கர நாற்காலிதான். பிரிக்ஸ்டன் மறுபடி எரிந்தது.

சரியாக ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 5 சனிக்கிழமை, கதை தேம்ஸ் நதியைத் தாண்டி வடக்கே வருகிறது.

இன்று டாட்டன்ஹாம் என்றால் நமக்குக் கால்பந்து அணிதான் நினைவுக்கு வரும். அந்த மைதானத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருப்பது பிராட்வாட்டர் ஃபார்ம் குடியிருப்பு. பெயரில்தான் பண்ணை. மோசல் என்ற சிற்றாறு பெருக்கெடுத்தால் தண்ணீர் நிற்கும் பள்ளமான நிலம் அது. 1967-ல் ஹாரிங்கே நகரசபை அங்கே கட்ட ஆரம்பித்தபோது வெள்ளத்துக்குப் பயந்து தரைத்தளத்தில் வீடே வைக்கவில்லை. தூண்கள் மேல் கட்டடம், கீழே கார் நிறுத்துமிடம், முதல் மாடி உயரத்தில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வான்வழி நடைபாதை. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் கார்புசியேயின் கனவுகளில் மயங்கிய காலம் அது. பன்னிரண்டு கட்டடங்களுக்கும் இரண்டாம் உலகப்போரின் விமானத் தளங்களின் பெயர்கள்: டாங்மியர், நார்த்தோல்ட், கென்லி, ஹார்ன்சர்ச்… ஆயிரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான வீடுகள், மூவாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள்.

கட்டி முடித்த சில வருடங்களிலேயே சுவரில் ஓதம், கரப்பான் தொல்லை, வேலை செய்யாத லிஃப்ட். கீழே இருண்ட கார் கொட்டகை, மேலே ஒருவர் கண்ணிலும் படாமல் ஓடி மறையத் தோதான நடைபாதை. வேறு வழி இருப்பவர்கள் காலி செய்தார்கள். வேறு வழி இல்லாதவர்களை நகரசபை கொண்டுவந்து குடியமர்த்தியது. கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள், சைப்ரஸ்காரர்கள், ஆசியர்கள், ஏழை வெள்ளையர்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். 1981-ல் டாலி கிஃபின் என்ற ஜமைக்காப் பெண்மணி இளைஞர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். தனியே இருக்கும் முதியவர்களுக்குச் சாப்பாடு, கைத்தொழில் கூட்டுறவுகள், சிறுவர்களுக்கு ஒரு கூடம். 1985 பிப்ரவரியில் இளவரசி டயானாவே வந்து பார்த்துவிட்டுப் போனார். நாசமாய்ப்போன இடத்தில்தான் கலவரம் வெடிக்கும் என்பது பத்திரிகைகள் பின்னால் எழுதிய கதை. நிஜத்தில் அந்த இடம் தலையெடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. மாறாதிருந்தது ஒன்றே ஒன்று. அங்கே வளர்ந்த கறுப்பு இளைஞனுக்கும் டாட்டன்ஹாம் போலீஸ் ஸ்டேஷனுக்கும் இடையே இருந்த உறவு.

அந்தச் சனிக்கிழமை ஃபிளாய்ட் ஜாரெட் என்ற இளைஞரின் பி.எம்.டபிள்யூ காரைப் போலீஸ் நிறுத்தியது. சாலைவரி வில்லை சரியில்லை என்று சந்தேகம். கறுப்பனுக்கு ஏது இந்தக் கார் என்பதுதான் உண்மையான சந்தேகம் என்று அவர் வட்டாரத்தில் எல்லோரும் சொன்னார்கள். வாக்குவாதம், கைது, காவலரைத் தாக்கியதாக வழக்கு. அந்த வழக்கு பிற்பாடு கோர்ட்டில் நிற்கவில்லை. அன்று மாலை, திருட்டுச் சாமான் இருக்கிறதா என்று பார்க்க, ஃபிளாய்டின் சாவியை எடுத்துக்கொண்டு தார்ப் சாலையில் இருந்த அவருடைய தாயின் வீட்டுக்குள் போலீஸ் போனது. சாமான் எதுவும் கிடைக்கவில்லை. சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே 49 வயது சிந்தியா ஜாரெட் சரிந்து விழுந்தார். மாரடைப்பு. காவலர் ஒருவர் இடித்துத் தள்ளியதைப் பார்த்ததாக மகள் சொன்னார். காவலர்கள் மறுத்தார்கள். மரண விசாரணை ஜூரி, விபத்து மரணம் என்று தீர்ப்புச் சொன்னது.

தீர்ப்பு வர மாதங்கள் ஆகும். செய்தி பரவ ஒரு ராத்திரி போதும். பிரிக்ஸ்டனில் ஒரு தாய், ஏழே நாளில் டாட்டன்ஹாமில் இன்னொரு தாய்.

ஞாயிறு மதியம் ஸ்டேஷன் முன்னால் கூட்டம் கூடியது. ஜாரெட் குடும்பத்தினர் அமைதி காக்கச் சொன்னார்கள். மாலையில் குடியிருப்பின் இளைஞர் சங்கத்தில் கூட்டம் நடந்தது. வெளியே கிளம்பிய இளைஞர்களும் வந்திறங்கிய கலவரத் தடுப்புப் போலீஸும் ஏழு மணி வாக்கில் குடியிருப்பின் வாசலில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள். செங்கல், பெட்ரோல் குண்டு, கவிழ்த்துக் கொளுத்திய கார்கள். துப்பாக்கிச் சூடும் நடந்தது. சுட்டவர்கள் போலீஸ் அல்ல. மேலதிகாரிகள் வெளியிலிருந்து வளைத்து நிற்கச் சொன்னார்களே தவிர உள்ளே போக உத்தரவு கொடுக்கவில்லை. வளைத்து நின்றவர்கள் மணிக்கணக்கில் அடி வாங்கினார்கள். விடிவதற்குள் காயம்பட்ட காவலர்களின் எண்ணிக்கை 250-ஐ எட்டியது.

இரவு ஒன்பதரை வாக்கில் டாங்மியர் கட்டடத்தின் கடைவரிசையில் தீ. மேலே குடும்பங்கள் வசிக்கும் வீடுகள். தீயணைப்புக்காரர்கள் ஏறிப் போனார்கள்; அவர்களுக்குப் பாதுகாப்பாக ஒரு சிறு அணி பின்னால் போனது. 502 என்ற எண் கொண்ட அந்த அணியில் சார்ஜென்ட் டேவிட் பெங்கெல்லியும் பதினொரு கான்ஸ்டபிள்களும் இருந்தார்கள். பலர் கலவரம் அடக்கப் பழகியவர்கள் அல்ல, சாதாரண ஸ்டேஷன் ஆட்கள். அவர்களில் ஒருவர் மஸ்வெல் ஹில் பகுதியின் பீட் கான்ஸ்டபிள் கீத் பிளேக்லாக். வயது 40, சண்டர்லாந்தில் பிறந்தவர், மூன்று பையன்களுக்குத் தகப்பன். படையில் சேர்ந்து ஐந்து வருடம்கூட ஆகவில்லை. கடைக்காரர்களையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகுவதுதான் அவருடைய அன்றாட வேலை.

மாடியில் கூட்டம் சூழ்ந்துகொண்டது. அணி கேடயத்தைப் பிடித்தபடி பின்னோக்கிப் படியிறங்கியது. கீழே வந்ததும் எல்லோரும் சாலையை நோக்கி ஓடினார்கள். பிளேக்லாக் தடுக்கி விழுந்தார். விழுந்தவரை முகமூடி போட்ட ஒரு கும்பல் கத்தியாலும் வெட்டரிவாளாலும் தாக்கியது. ரிச்சர்ட் கூம்ப்ஸ் என்ற இன்னொரு கான்ஸ்டபிள் முகம் உடைந்து கிடந்தார். பெங்கெல்லியும் மற்றவர்களும் திரும்பி ஓடி வந்து கும்பலை விரட்டினார்கள். தீயணைப்புக்காரர்கள் முதலுதவி செய்து பார்த்தார்கள். பிளேக்லாக் பிழைக்கவில்லை. உடலில் நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்கள் இருந்ததாகப் பிரேதப் பரிசோதனை சொன்னது. பெங்கெல்லிக்குப் பின்னால் ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். அது ஏதோ ஆறுதல் பரிசு என்று நினைக்கத் தோன்றும். அந்த இரவில் அவர் திரும்பி ஓடிய அந்த சில கஜ தூரத்தைப் படித்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

பொழுது விடிந்ததும் இங்கிலாந்து கேட்ட கேள்விகளில் ஒன்று, கடைசியாக எப்போது இங்கே கலவரத்தில் ஒரு கான்ஸ்டபிள் செத்தார் என்பது. பதில்: 1833. அந்தக் கதைக்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன். முதலில் செவ்வாய்க்கிழமை.

ஹாரிங்கே நகரசபையின் தலைவர் அப்போது பெர்னி கிராண்ட். பிரிட்டிஷ் கயானாவின் ஜார்ஜ்டவுனில் 1944-ல் ஆசிரியத் தம்பதிக்குப் பிறந்தவர். போர்க்காலக் குழந்தை என்பதால் பெர்னார்ட் அலெக்ஸாண்டர் மான்ட்கோமரி என்று தளபதிகளின் பெயர்களை வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பேரரசோடு இவ்வளவு சண்டை போட்டவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். 1963-ல் லண்டன் வந்தார். எடின்பரோவில் சுரங்கப் பொறியியல் படித்தபோது, தென்னாப்பிரிக்காவில் பயிற்சிக்கு வெள்ளை மாணவர்களை மட்டுமே அனுப்ப முடியும் என்ற ஏற்பாட்டை எதிர்த்துப் படிப்பையே விட்டார். ரயில்வே, தபால்துறைத் தொலைபேசி நிலையம், பிறகு முழுநேரத் தொழிற்சங்க வேலை. 1978-ல் ஹாரிங்கே கவுன்சிலர். 1985 ஏப்ரலில் தலைவர். பிரிட்டனில் ஒரு நகரசபையின் தலைமைக்கு வந்த முதல் கறுப்பர் அவர்தான் என்று அப்போது பேசப்பட்டது. பதவிக்கு வந்து ஆறே மாதத்தில் இந்தச் சோதனை.

அக்டோபர் 8, டாட்டன்ஹாம் நகர மண்டபத்துக்கு வெளியே அவர் பேசினார். ஞாயிறு நடந்ததற்குப் போலீஸ்தான் பொறுப்பு என்று இங்குள்ள இளைஞர்கள் நினைக்கிறார்கள், போலீஸுக்குக் கிடைத்தது சரியான உதை என்றார். காலையில் வந்த பத்திரிகைகளில் ‘இளைஞர்கள் நினைக்கிறார்கள்’ காணாமல் போயிருந்தது, ‘உதை’ மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. கொலையை நியாயப்படுத்தவில்லை, தெருவில் பேசிக்கொள்வதைச் சொன்னேன் என்று பலமுறை விளக்கினார். எடுபடவில்லை. உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் அவரை மோதலின் தலைமைப் பூசாரி என்றார். சொந்தக் கட்சித் தலைவர் நீல் கின்னக்கும் கண்டித்தார். செய்தித்தாள்கள் அவருக்கு ஒரு பட்டப்பெயரே சூட்டின. சாகும் வரை அது ஒட்டிக்கொண்டிருந்தது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேச்சு தவறு. ஒரு மனிதரைச் சூழ்ந்து வெட்டிக் கொன்று நாற்பத்தெட்டு மணிநேரம்கூட முழுதாக ஆகாத நேரத்தில், தலைவர் பதவியில் இருப்பவர், அது பிறர் கருத்தே ஆனாலும், அந்தச் சொல்லை வாயில் எடுத்திருக்கக் கூடாது. தெருவின் கோபம் தெருவிலேயே எல்லோர் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கண்டித்தவர்கள் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசவே இல்லை. கிராண்ட் தலைவராக இருந்த நகரசபை குப்பை அள்ளலாம், வீடு ஒதுக்கலாம், பள்ளிக்கூடம் நடத்தலாம். டாட்டன்ஹாம் ஸ்டேஷன் விஷயத்தில் அதற்கு ஒரு அதிகாரமும் கிடையாது. லண்டன் பெருநகரக் காவல்துறை 1829-ல் பிறந்த நாளிலிருந்து உள்துறை அமைச்சர் ஒருவருக்கே கட்டுப்பட்டது. மான்செஸ்டரிலும் லிவர்பூலிலும் அப்போது கவுன்சிலர்கள் உட்காரும் காவல் குழு இருந்தது. போலீஸ் தலைவரைக் கேள்வியாவது கேட்க முடிந்தது. தலைநகரில் அதுவும் இருக்கவில்லை. பெருலண்டன் சபை தனக்கென ஒரு போலீஸ் கமிட்டி வைத்துப் புள்ளிவிவரம் சேகரித்தது. அந்தச் சபையையே தாட்சர் அரசாங்கம் 1986 மார்ச் 31-ல் கலைத்துவிட்டது.

ஆக, கறுப்பர்கள் நிறைந்த ஒரு பகுதியில் கறுப்பர் ஒருவரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுடைய முதல் மனக்குறை எதைப் பற்றியதோ அதைத் தொடும் அதிகாரம் மட்டும் அவரிடம் இல்லை. கமிஷனர் சர் கென்னத் நியூமன் அதற்கு முன் வட அயர்லாந்தில் போலீஸ் தலைவராக இருந்தவர். இனி பிளாஸ்டிக் குண்டு சுடத் தயங்க மாட்டேன் என்று அவர் அறிவித்தபோது, எந்தத் தெருக்களைப் பற்றிச் சொன்னாரோ அந்தத் தெருக்களின் தலைவரைக் கலந்துகொள்ள வேண்டிய அவசியமே அவருக்கு இருக்கவில்லை. பொது விசாரணை வேண்டும் என்று ஹாரிங்கே கேட்டது. ஹர்ட் மறுத்தார். நகரசபை தன் செலவில் விசாரணை நடத்த கிஃபர்ட் பிரபுவை நியமித்தது. போலீஸ் அவர் முன் வர மறுத்தது. 1986 ஜூலையில் அறிக்கை வந்தது: சிந்தியா ஜாரெட்டின் வீட்டுச் சோதனையிலிருந்து ஞாயிறு இரவுவரை ஒவ்வொரு கட்டத்தையும் அலசி, போலீஸையும் தாக்கியவர்களையும் இரண்டு பக்கமும் குறை சொன்னது. ஒரு பக்கம் வரவே இல்லாத விசாரணையின் அறிக்கையை ஒதுக்கித் தள்ள அந்தப் பக்கத்துக்கு ரொம்பச் சிரமம் இருக்கவில்லை.

இப்போது 1833. டாட்டன்ஹாமிலிருந்து தெற்கே சில மைலில் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் என்ற மைதானம். 1832 சீர்திருத்தச் சட்டம் சொத்துள்ள நடுத்தர வர்க்கத்துக்கு ஓட்டு கொடுத்துவிட்டு உழைப்பாளிகளை வெளியே நிறுத்தியிருந்தது. எங்களுக்கும் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று தொழிலாளர் சங்கம் மே 13 அன்று அந்த மைதானத்தில் கூட்டம் போட்டது. உள்துறை அமைச்சர் மெல்பர்ன் பிரபு அதைச் சட்டவிரோதம் என்றார். பிறந்து நான்கே வருடமான புதிய போலீஸ், தடியோடு கூட்டத்துக்குள் புகுந்தது. அந்த அமளியில் ராபர்ட் கல்லி என்ற கான்ஸ்டபிளின் மார்பில் யாரோ கத்தியை இறக்கினார்கள். அவர் தள்ளாடியபடி பக்கத்திலிருந்த கால்தார்ப் ஆர்ம்ஸ் மதுக்கடைவரை நடந்து அங்கே உயிரை விட்டார்.

மரண விசாரணை அதே மதுக்கடையின் மாடியில் நடந்தது. ஜூரியில் இருந்தவர்கள் அந்த வட்டாரத்துக் கடைக்காரர்கள், பலர் ரொட்டிக்கடைக்காரர்கள். புதிய சட்டத்தால் ஓட்டு பெற்ற மாதிரியான ஆட்கள்தான், கலகக்காரர்கள் அல்ல. கல்லியின் சாவு நியாயமான கொலை என்று அவர்கள் தீர்ப்பு எழுதினார்கள். கலைந்து போகும்படி கூட்டத்துக்கு முறைப்படி எச்சரிக்கை படிக்கவில்லை, போலீஸ் நடந்துகொண்ட விதம் மூர்க்கமானது என்று காரணமும் சொன்னார்கள். மரண விசாரணை அதிகாரி எவ்வளவு வற்புறுத்தியும் மாற்றிக்கொள்ளவில்லை. உயர் நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. ஊர் அதைச் சட்டை செய்யவில்லை. ஜூரிகளுக்கு ஊர்வலம், விருந்து, நினைவுப் பதக்கம்; மெட்வே ஆற்றில் ராச்செஸ்டர் வரை படகில் அழைத்துப் போய்க் கொண்டாடினார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொலையான கான்ஸ்டபிளைப் பற்றி, அந்தச் சாவு நியாயம் என்று சட்டபூர்வமாகவே எழுதிக் கொடுத்த வெள்ளைக் கடைக்காரர்கள் ஆங்கிலேயச் சுதந்திரத்தின் காவலர்களாகச் சரித்திரத்தில் இடம் பெற்றார்கள். அவர்களைவிட மிகக் குறைவாகச் சொன்ன கயானாக்காரரை இந்த நாட்டில் இருக்கவே தகுதியற்றவர் என்றார்கள். இரண்டு காலமும் ஒன்றல்ல என்பது சரிதான். 1833-ல் போலீஸ் என்பதே அரசாங்கத்தின் ஒற்றர் படை என்று பாதி லண்டன் பயந்துகொண்டிருந்தது. 1985-ல் அது வெள்ளை லண்டனின் சொந்தப் பிள்ளையாகிவிட்டது. பிளேக்லாக் கொலை செய்யப்பட்ட விதம் கல்லிக்கு நேர்ந்ததைவிடப் பன்மடங்கு கோரம். அத்தனையும் கழித்த பிறகும் ஒரு வித்தியாசம் மிச்சமிருக்கிறது. போலீஸ் மேல் கோபப்பட உனக்கு உரிமை உண்டா என்று அந்த ரொட்டிக்கடைக்காரர்களை ஒருவரும் கேட்கவில்லை. கிராண்டை அந்தக் கேள்விதான் கடைசிவரை துரத்தியது.

கொலையாளிகளைப் பிடிக்கும் வேலை எப்படி நடந்தது என்பது தனி அவலம். 359 பேரைக் கைது செய்தார்கள். கைதிகளின் உரிமையை வரையறுத்த 1984-ஆம் வருடத்துப் போலீஸ் சாட்சியச் சட்டம் நிறைவேறியிருந்தாலும், நடைமுறைக்கு வர 1986 ஜனவரி ஆகும். அந்த இடைவெளியில் விசாரணை நடந்தது. ரத்தக்கறை இல்லை, ஆயுதம் இல்லை, புகைப்படம் இல்லை. இருந்ததெல்லாம் வாக்குமூலங்கள். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனை உள்ளாடையும் போர்வையுமாக உட்கார வைத்து நாட்கணக்கில் விசாரித்தார்கள். அவன் உட்பட மூன்று சிறுவர்கள்மீதான கொலைக்குற்றத்தை நீதிபதி ஹாட்ஜ்சன் நடு வழக்கிலேயே தள்ளுபடி செய்தார். மற்ற மூவர், வின்ஸ்டன் சில்காட், எங்கின் ராகிப், மார்க் பிரெய்த்வெயிட், 1987 மார்ச்சில் ஆயுள் தண்டனை பெற்றார்கள். ராகிப் சைப்ரஸ் துருக்கியக் குடும்பத்துப் பையன், வயது பத்தொன்பது, எழுதப் படிக்கத் திணறுபவன். வக்கீல் இல்லாமல் நாலு நாள் விசாரணை. சில்காட் குடியிருப்பில் காய்கறிக்கடை வைத்திருந்தவர். வேறொரு கொலை வழக்கில் ஜாமீனில் இருந்தார், அதில் பின்னர் தண்டனையும் பெற்றார். வெறித்த கண்களோடு இருந்த அவருடைய படம் பத்திரிகைகளின் முதல் பக்கங்களை ஆக்கிரமித்தது. ஜூரி சாட்சியத்தைப் பார்த்ததா, படத்தைப் பார்த்ததா என்று சொல்வது கஷ்டம்.

சில்காட்டுக்கு எதிராக இருந்தது கையெழுத்து இல்லாத சில வரிகள் மட்டுமே. விசாரணையின்போதே எழுதிய குறிப்பு என்று போலீஸ் சத்தியம் செய்தது. ஒரு கட்டுத்தாளில் மேல் தாளில் எழுதினால் அடித்தாளில் அழுத்தத்தின் தடம் விழும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தடத்தைப் படிக்கும் கருவி வந்திருந்தது. சோதித்தபோது, அவரைக் குற்றவாளியாக்கிய பக்கம் அந்தக் கட்டில் வரிசையாக எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. 1991 நவம்பர் 25-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. அடுத்த சில நாட்களில் மற்ற இருவரும் வெளியே வந்தார்கள். சில்காட் மற்றொரு வழக்குக்காக 2003 வரை சிறையில்தான் இருந்தார். குறிப்பைத் திருத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு அதிகாரிகளை 1994-ல் ஜூரி விடுவித்தது. 2014-ல் இன்னொருவர்மீது கொலை வழக்கு நடந்து, அவரும் விடுதலையானார். கீத் பிளேக்லாக்கைக் கொன்றவர்கள் யார் என்று இன்றுவரை எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. அவசரத்தில் ஜோடித்த வழக்கால் மூன்று பேர் வருடக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள், ஒரு குடும்பம் நீதியை நிரந்தரமாக இழந்தது. இந்த இரண்டாவது நஷ்டத்தைப் பற்றிப் போலீஸ் சங்கங்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கோபப்பட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

போலீஸ் கற்ற பாடமும் ஒன்று உண்டு. அந்த இரவில் யார் யாருக்கு உத்தரவிடுவது என்பதே குழம்பிப் போயிருந்தது. அதன் விளைவாகத்தான் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மூன்று அடுக்காகக் கட்டளையைப் பிரிக்கும் முறை வந்தது. இன்று பிரிட்டனில் வெள்ளம் வந்தாலும் ரயில் கவிழ்ந்தாலும் அந்த முறைதான்.

இனி கிராண்ட். டாட்டன்ஹாம் தொகுதியில் 1964 முதல் லேபர் கட்சி எம்.பி.யாக இருந்தவர் நார்மன் அட்கின்சன். இடதுசாரி, கெட்டவர் அல்ல, வெள்ளையர். கறுப்பர்களும் ஆசியர்களும் கட்சிக்குள் தங்களுக்குத் தனி அமைப்பு வேண்டும் என்று 1983 முதல் போராடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஓட்டு வேண்டும், எங்களில் ஒருவருக்குச் சீட்டு மட்டும் தர மாட்டீர்களா என்பதுதான் கேள்வி. இது கட்சியை நிறத்தால் பிரிக்கும் என்று கின்னக் எதிர்த்தார். தனி அமைப்பு கிடைக்கவில்லை. ஆனால் அந்த நெருக்கடியில் சில தொகுதிகள் இளகின. டாட்டன்ஹாம் கட்சிக் கிளை அட்கின்சனை விட்டு கிராண்டைத் தேர்ந்தெடுத்தது.

1987 ஜூன் 11 தேர்தலில் அவர் ஜெயித்தார். கூடவே ஹாக்னியில் டயான் அபாட், பிரென்ட் தெற்கில் பால் போட்டெங், லெஸ்டர் கிழக்கில் கோவா வம்சாவளியான கீத் வாஸ். 1892-ல் தாதாபாய் நௌரோஜியும், 1922-ல் ஷாபூர்ஜி சக்லத்வாலாவும் நுழைந்த அந்தச் சபைக்கு, கறுப்பர்கள் போக இத்தனை காலம் பிடித்தது. கிராண்டின் வெற்றிக்குள் செவ்வாய்க்கிழமைப் பேச்சின் விலையும் இருந்தது. 1983-ல் அட்கின்சனுக்குக் கிடைத்த வாக்கு வித்தியாசம் 9,396. கிராண்டுக்கு 4,141. வழக்கமான லேபர் வாக்காளர்களில் ஒரு பகுதி அவரை மன்னிக்கவில்லை. தொடக்க விழாவுக்கு அவர் மேற்கு ஆப்பிரிக்க அங்கி அணிந்து போனார். படம் எடுக்க வந்தவர்களுக்கு மனம் நிறைந்திருக்கும்.

அதன் பிறகு நடந்ததைப் பத்திரிகைகள் அவ்வளவாக எழுதவில்லை. வீட்டு வாடகை, குடியுரிமைத் தாள், மருத்துவமனை என்று தொகுதி வேலையை அவர் விடாமல் பார்த்தார். 1993-ல் ஜாய் கார்ட்னர் என்ற ஜமைக்காப் பெண்மணியை நாடு கடத்த வந்த போலீஸ், 13 அடி ஒட்டுநாடாவால் வாயைச் சுற்றிக் கட்டியதில் அவர் மூளை பாதித்து இறந்தார். வழக்கில் நின்ற காவலர்கள் 1995-ல் விடுதலையானார்கள். அந்தக் குடும்பத்தோடு முதலிலிருந்து கடைசிவரை நின்றவர் கிராண்ட். பிளேக்லாக் வழக்கில் சிக்கிய மூவருக்காகவும் குரல் கொடுத்தார். 1992-ல் அவருடைய வாக்கு வித்தியாசம் 11,968. 1997-ல் 20,200. வெள்ளையர், கறுப்பர், சைப்ரஸ்காரர் எல்லோரும் சேர்ந்து போட்டால்தான் இந்த எண்ணிக்கை வரும்.

போலீஸ் மேல் அதிகாரம் என்ற பழைய பிரச்சினை மட்டும் அப்படியே கிடந்தது. அது நகர, ஸ்டீஃபன் லாரன்ஸ் என்ற கறுப்பு இளைஞரின் கொலையும் அதை விசாரித்த மெக்பெர்சன் அறிக்கையும் வேண்டியிருந்தது. பெருநகரக் காவல்துறையில் நிறுவனமயமான இனவாதம் இருக்கிறது என்று 1999 பிப்ரவரியில் ஒரு முன்னாள் நீதிபதியே எழுதினார். டாட்டன்ஹாம் மண்டபத்துக்கு வெளியே நின்று சொன்னால் கலகம், அரசாங்க அச்சகத்தில் அச்சானால் அறிக்கை. அதே வருடம் நிறைவேறிய பெருலண்டன் ஆட்சிச் சட்டம், உள்துறை அமைச்சரின் கையிலிருந்த மேற்பார்வையை எடுத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் அதிகமாக உள்ள காவல் ஆணையத்திடம் கொடுத்தது. காவல்துறை பிறந்து 171 வருடம் கழித்து, 2000 ஜூலையில் அந்த ஆணையம் வேலையைத் தொடங்கியது.

கிராண்ட் அதைப் பார்க்கவில்லை. அந்த வருடம் ஏப்ரல் 8 அன்று மாரடைப்பில் இறந்துபோனார், வயது 56. ஆணையத்தின் முதல் தலைவராக வந்தவர் டோபி ஹாரிஸ். 1987 முதல் 1999 வரை ஹாரிங்கே நகரசபையின் தலைவராக, கிராண்ட் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தவர். காலியான டாட்டன்ஹாம் தொகுதியில் ஜூன் மாதம் நடந்த இடைத்தேர்தலில், அந்தப் பகுதியிலேயே வளர்ந்த, கயானா வம்சாவளியைச் சேர்ந்த 27 வயது டேவிட் லாமி ஜெயித்தார். பதினொரு வருடம் கழித்து, பிராட்வாட்டர் ஃபார்மில் வளர்ந்த மார்க் டக்கன் போலீஸ் குண்டுக்குப் பலியாகி, அங்கிருந்து ஸ்டேஷன்வரை ஊர்வலம் போனபோது, ஒரு கறுப்பு எம்.பி. வேறு மாதிரி பேசினார். அது அடுத்த இதழில்.